கேள்விச் செல்வர்கள்

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கி, பத்துக் குறளோடு நிறுத்திக்கொண்டார். டெக்சாஸ்காரர்கள் பத்தொன்பது மாதம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அந்த மாநிலத்தின் சட்டமன்றக் குழுக்களுக்குக் கேட்பதுதான் வேலை. மின்சாரம், பள்ளிக்கூடம், தண்ணீர், துப்பாக்கி என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம் என்று உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டும் சட்டமன்றம் கூடும் மாநிலங்கள் இன்னும் மூன்று உண்டு: மாண்டானா, நெவாடா, வடக்கு டகோட்டா. எல்லாம் சின்ன ஜனத்தொகை. மூன்று கோடிப் பேரின் குறையைக் கேட்டே சமாளித்துவிடலாம் என்ற துணிச்சல் டெக்சாஸுக்குத்தான் வந்தது.

முறை இதுதான். ஒற்றைப்படை ஆண்டில், ஜனவரி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை சட்டமன்றம் கூடும். 140 நாளில் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். அவசரம் என்றால் ஆளுநர் சிறப்புக் கூட்டம் அழைக்கலாம். அதற்கு 30 நாள், அவர் சொன்ன விஷயத்தை மட்டும்தான் எடுக்கலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற ஏற்பாடு 1876-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் உள்ளது. அதை எழுதியவர்கள் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆட்சியில் சூடுபட்டவர்கள். சட்டமன்றம் பூட்டிக் கிடக்கும் நாளெல்லாம் நல்ல நாள் என்று நம்பியவர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள் என்பது கைதவறி எழுதியது, 140 ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் என்பதுதான் அவர்கள் மனதில் இருந்தது என்று அங்கே ஒரு பழைய கேலி உண்டு. உறுப்பினர் சம்பளம் மாதம் 600 டாலர். இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு கேட்பதே பெரிது.

கேட்பது என்றால் மனம்போன போக்கில் கேட்பதில்லை. செனட் அவையை நடத்தும் துணை ஆளுநரும், பிரதிநிதிகள் அவையின் தலைவரும் ஒவ்வொரு குழுவுக்கும் இடைக்காலப் பணிப் பட்டியல் ஒன்று தருவார்கள். இன்னதை ஆராய்ந்து பாருங்கள், இன்ன சட்டம் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள், பரிந்துரை இருந்தால் சொல்லுங்கள். இந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டாகும். மாநிலத்தில் எந்தெந்தப் பிரச்சினை அடுத்த இரண்டு ஆண்டுக்குத் தீராது என்பதை இவ்வளவு ஒழுங்காக, குழு வாரியாக, முன்கூட்டியே அறிவிக்கும் அரசாங்கம் எத்தனை இருக்கிறது?

கூட்டம் நடக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். ஆஸ்டின் நகரில் இளஞ்சிவப்புக் கருங்கல்லில் 1888-இல் கட்டி முடித்த தலைமை மாளிகை. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைவிட உயரம் என்று டெக்சாஸ்காரர்கள் பார்த்தவரிடமெல்லாம் சொல்வார்கள். அந்த உயரமெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு. குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் நடப்பது 1993-இல் பூமிக்கடியில் தோண்டிக் கட்டிய விரிவுப் பகுதியில். ஈ1.016, ஈ2.028 என்று அறைகளுக்கு எண். ஜனங்களின் குரல் மேலே போய் யாரையும் தொந்தரவு செய்யாதபடி நிலத்துக்குக் கீழே அதற்கு இடம் ஒதுக்கிய கட்டடக் கலைஞருக்குத் தீர்க்கதரிசனம் உண்டு.

வாசலில் கணினிப் பலகை. பெயர், ஊர், யார் சார்பில் வந்தீர்கள் என்று பதிய வேண்டும். கூட்டத்தொடர் நடக்கிறபோது மசோதாவை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, சும்மா அதைப்பற்றிப் பேச வந்தீர்களா என்று கேட்பார்கள். இடைக்காலத்தில் மசோதாவே கிடையாது. ஆதரிக்க ஒன்றுமில்லை, எதிர்க்க ஒன்றுமில்லை. எல்லாரும் பற்றிப் பேசுகிறவர்கள்தான். ஓட்டெடுப்பும் இல்லாததால் தோல்வியும் இல்லை. ஜனநாயகத்தில் மனக்கசப்பு வருவதெல்லாம் எண்ணும் இடத்தில்தானே? எண்ணிக்கையை எடுத்துவிட்டார்கள்.

முதலில் அழைக்கப்பட்டவர்கள் பேசுவார்கள். துறைத் தலைவர், தொழில் சங்கத்தின் பிரதிநிதி, ஆராய்ச்சி நிலையத்து நிபுணர். திரையில் வரைபடம் ஓடும். உறுப்பினர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், பதில் நீளும், மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பிறகுதான் பொதுமக்கள். எல் பாசோவிலிருந்து ஆஸ்டினுக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து விடியுமுன் வண்டியை எடுத்து வந்து சேருகிறவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். தலைவருக்கு மனமிருந்தால் மூன்று. பெயரும் ஊரும் சொல்லி, மகனைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ ஆரம்பிப்பதற்குள் கடிகாரம் பாதி ஓடியிருக்கும். நம் ஊர் மேடைப் பேச்சாளர்களை ஒருமுறை அங்கே அனுப்பிவைக்கலாம் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நேரம் முடிந்ததும் தலைவர் உறுப்பினர்களை இடமும் வலமும் பார்ப்பார். கேள்வி உண்டா? ஒருவர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, இல்லை என்பதுபோல் அசைப்பார். சில நாற்காலிகள் அதைக்கூடச் செய்யாது, ஏனென்றால் காலி. வந்ததற்கு நன்றி, அடுத்தவர். இந்த நன்றியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையிலிருந்து இரவுவரை, அழுகிறவருக்கும் கத்துகிறவருக்கும் ஒரே அளவு, ஒரே சூடு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று விஷயம் தெரியாதவர்கள் சொல்வார்கள். ஊதுவதற்கு வரிசை எண் கொடுத்து, ஊதியவர் பெயரை எழுதிவைத்து, காணொளியில் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம் என்று வலையில் போட்டும் வைக்கிற செவிடர் எங்கே கிடைப்பார்?

2020-இல் கொள்ளைநோய் வந்தபோது இந்தக் கலை அதன் உச்சியைத் தொட்டது. கூட்டம் போட முடியவில்லை. பிரதிநிதிகள் அவையின் குழுக்கள், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்று அறிவிப்பு வெளியிட்டன. ஜனங்கள் எழுதி அனுப்பினார்கள். கேட்பதற்குக் காதே தேவையில்லை என்று அன்றைக்கு நிரூபணமானது.

இடைக்காலத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டத்தொடருக்கு 30 நாள் முன்பிருந்து அது முடியும்வரை தேர்தல் நன்கொடை வாங்கக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. ஓட்டுப் போடுகிறபோது பையில் பணம் விழுந்தால் பார்ப்பதற்கு நன்றாயிராது அல்லவா? ஆகையால் வாங்குவதெல்லாம் கேட்கும் பருவத்தில்தான். தனிநபர் கொடுக்கும் நன்கொடைக்கு அங்கே உச்சவரம்பும் கிடையாது. பகலில் பொதுமக்களுக்கு இரண்டு நிமிடம். மாலை விருந்தில் கொடையாளர்களுக்குக் கடிகாரம் இல்லை. ஒரே நாளில் இரண்டு தரப்பையும் கேட்டுவிடும் இந்த நடுநிலை வேறு யாருக்கு வரும்!

கேட்டதெல்லாம் அறிக்கை ஆகும். இந்த அறிக்கைகளைக் கிணற்றில் போட்ட கல் என்பவர்கள் நாள்காட்டியைப் பார்த்ததில்லை. குழு அறிக்கை எழுதி முடிப்பது பெரும்பாலும் இரட்டைப்படை ஆண்டின் கடைசியில். அதற்குள் நவம்பர் தேர்தல் வந்து போயிருக்கும். கையெழுத்துப் போட்டவரில் சிலர் தோற்றிருப்பார்கள், சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். ஜனவரியில் புதிய சட்டமன்றம். புதிய குழு நியமனம். பழைய குழு அத்தோடு காலாவதி. அதாவது 88-ஆம் சட்டமன்றத்துக் குழு, 89-ஆம் சட்டமன்றத்துக்கு எழுதும் கடிதம் அது. இதில் அழகு என்னவென்றால், தேர்தல் முடிந்த அடுத்த வாரமே புதிய மசோதாக்களை முன்பதிவு செய்யத் தொடங்கிவிடலாம். மருந்துச்சீட்டு வருமுன்பே மருந்து கொடுத்துவிடும் வைத்தியம். ஒரு கூட்டத்தொடரில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மசோதாக்கள் வந்து குவிகிறபோது அறிக்கையைத் தேடிப் படித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

ஒரு களங்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 முழுக்கப் பள்ளிக்கூட நிதியைப் பற்றி ஓர் ஆணையம் உட்கார்ந்து கேட்டது. சட்டமன்ற உறுப்பினர்களும் வெளியாட்களும் கலந்திருந்த ஆணையம். ஆண்டு முடிவில் அறிக்கை கொடுத்தார்கள். யார் அசந்து போனார்களோ, 2019-இல் சட்டமன்றம் அந்த அறிக்கையை ஒட்டியே சட்டம் போட்டு, பள்ளிகளுக்கும் சொத்துவரிக் குறைப்புக்குமாக 1,160 கோடி டாலர் ஒதுக்கிவிட்டது. கேட்டால் காரியம் நடக்கும் என்ற தவறான எண்ணம் ஜனங்களிடையே பரவ இதுபோன்ற நிகழ்ச்சிகள்தான் காரணம். வேகம் குறையாமல் பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள் என்பது ஆறுதல்.

குளிர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1989 டிசம்பரில் டெக்சாஸில் கடுங்குளிர் அடித்து மின்நிலையங்கள் உறைந்து நின்றன. மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் விசாரித்து, இயந்திரங்களுக்குக் குளிர்காப்புச் செய்யுங்கள் என்று எழுதியது. 2011 பிப்ரவரியில் மறுபடி குளிர், மறுபடி உறைந்தன. இந்தமுறை மத்திய அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, ஆகஸ்டில் அறிக்கை தந்தது: குளிர்காப்புச் செய்யுங்கள், 1989-லேயே சொன்னார்களே. டெக்சாஸ் சட்டமன்றம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றியது. மின்நிலையங்கள் குளிருக்கு எவ்வளவு ஆயத்தமாக இருக்கின்றன என்று பொதுப் பயன்பாட்டு ஆணையம் ஓர் அறிக்கை தரவேண்டும் என்பது அந்தச் சட்டம்.

அறிக்கை வந்தது. குளிரும் வந்தது. 2021 பிப்ரவரியில் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. மாநிலத்தின் மின்வலையமைப்பு மொத்தமாக விழுவதற்கு 4 நிமிடம் 37 விநாடி பாக்கி இருந்தது. பொதுமக்கள் சாட்சிக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்ற கணக்கில் இரண்டு பேர் பேசி முடிக்கும் நேரம். அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள்.

அப்போது சட்டமன்றம் கூடியிருந்த காலம், தப்ப வழியில்லை. மின்நிலையங்களும் அவற்றுக்கு எரிவாயு கொடுக்கும் முக்கியமான கிணறுகளும் குழாய்களும் குளிர்காப்புச் செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எரிவாயுவைக் கவனிக்கும் அமைப்புக்கு அங்கே ரயில்ரோடு கமிஷன் என்று பெயர்; ரயிலுக்கும் அதற்கும் இப்போது ஒட்டுமில்லை உறவுமில்லை. கமிஷன் விதிமுறை எழுதியது. அதில் ஒரு படிவம். நாங்கள் முக்கியமான நிலையம் இல்லை என்று அந்தப் படிவத்தில் எழுதி, 150 டாலர் கட்டினால், விதிவிலக்குக் கோரலாம்.

இங்கேதான் இடைக்காலக் குழுவின் மகிமையைப் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரில் செனட் குழு கூடியது. கமிஷனின் அதிகாரியை எதிரே உட்காரவைத்து, கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். இதென்ன ஓட்டை, 150 டாலருக்கு விலக்கா, ஜனங்கள் செத்தது மறந்துவிட்டதா? அறை அதிர்ந்தது. பத்திரிகைகள் செய்தி போட்டன. அந்த ஓட்டைக்கு இடம் வைத்த சட்டத்தை நான்கு மாதத்துக்கு முன் நிறைவேற்றியவர்கள் அவர்களேதான் என்பது சின்ன விஷயம். தான் தைத்த சட்டையின் கிழிசலைத் தானே கண்டுபிடித்துத் தையல்காரரைத் தேடித் திட்டுவதற்கு எவ்வளவு பெருந்தன்மை வேண்டும்! நவம்பரில் கமிஷன் விதியை இறுக்கியது. ஆகவே குழுக்களால் பயனில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தாங்கள் போட்டதைத் தாங்களே படித்துப் பார்க்க நான்கு மாதத்தில் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

துப்பாக்கி விஷயத்தில் இவர்கள் கேட்டதுபோல் உலகத்தில் யாரும் கேட்டிருக்க முடியாது. 2018 மே 18 அன்று சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் பத்துப் பேரை ஒரு மாணவன் சுட்டுக்கொன்றான். நம் பள்ளிகளில் வாசல்கள் மிக அதிகம் என்று துணை ஆளுநர் அன்றைக்கே கண்டுபிடித்துச் சொன்னார். பள்ளி வன்முறை பற்றி ஆராய செனட்டில் தனிக் குழு அமைந்தது. கட்டட அமைப்பு, வாசல், பாதுகாப்பு என்று கேட்டார்கள். 2019 ஆகஸ்ட் 3-இல் எல் பாசோ கடையில் துப்பாக்கிச் சூடு. 23 பேர் இறந்தார்கள். மாதக் கடைசியில் மிட்லண்ட், ஒடெஸா ஊர்களில் இன்னொன்று. இந்தமுறை இரண்டு அவைகளும் ஆளுக்கொரு தனிக் குழு போட்டன. கேட்பு இரட்டிப்பானது. கேட்டு முடித்தபின் கூடிய முதல் சட்டமன்றம், 2021-இல், துப்பாக்கி வைக்கத் தடையில்லாத, 21 வயதான எவரும் உரிமம் வாங்காமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம் என்று சட்டம் இயற்றியது. யாரோ சொன்னதை அவர்கள் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு இது போதாதா?

2022 மே 24. உவால்டே ஊரின் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் செனட் சிறப்புக் குழு கூடிவிட்டது. மாநிலக் காவல்துறைத் தலைவர் ஒரு கதவையே கொண்டுவந்து நிறுத்தி, பூட்டு எப்படி வேலை செய்யும், எப்படிச் செய்யாது என்று காட்டினார். வகுப்பறைக் கதவு பூட்டியே இருக்கவில்லை என்றார். நான்கு வருடமாகக் கதவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் கடைசியில் ஒரு கதவு வந்து நின்றது. உறுப்பினர்கள் அதை ஆராய்ந்தார்கள். பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழு ஜூலையில் அறிக்கை தந்தது: அன்று பள்ளிக்கு வந்த காவலர்கள் 376 பேர், கொலையாளி வீழ்த்தப்படுவதற்கு 77 நிமிடம். அறிக்கையும் 77 பக்கம். அதைக் குறை சொல்லமாட்டேன். யார் யார் எங்கே நின்றார்கள், யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று நேராக எழுதியிருந்தார்கள். எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

பிறகு சட்டமன்றம் கூடியது. உவால்டே கொலையாளி பயன்படுத்திய வகைத் துப்பாக்கியை வாங்கும் வயதை 18-லிருந்து 21-ஆக உயர்த்த, உவால்டே தொகுதி உறுப்பினரே 2023-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஏப்ரல் 18 அன்று குழு கேட்டது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் காலையில் வந்து பெயர் பதிந்தார்கள். அவர்கள் முறை வரப் பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. வந்ததற்கு நன்றி சொன்னார்கள். மே 6-இல் ஆலன் ஊரின் கடைத்தொகுதியில் எட்டுப் பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மே 8 அன்று குழு மசோதாவை 8-க்கு 5 என்று தாண்டவிட்டது. அவைக்கு வருவதற்கான கெடு அதற்குள் தீர்ந்துபோயிற்று. பாருங்கள், 140 நாளில் எதற்குத்தான் நேரம் இருக்கும்?

2025-இல் இன்னொரு சட்டமன்றம் கூடிக் கலைந்தது. டெக்சாஸில் பீர் வாங்க 21 வயது ஆகவேண்டும். உவால்டே கொலையாளி வாங்கிய வகைத் துப்பாக்கிக்கு இன்னும் 18 போதும். அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்கிடையில் இதைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் குழுவின் வாசலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது.